மலையேறிச் சுடப் போகிறவனுக்கு ரைஃபிள் எத்தனை கிலோ இருக்கலாம்?

டிமாரு மக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம் பயணம் என்கிற கிராமம். நான்கு வருடமாக நியூசிலாந்தின் தென் தீவில், டிமாருவில் நர்ஸ் வேலை. இங்கே மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. அரசுக் காட்டுக்குள் போக இயற்கைப் பாதுகாப்புத் துறை அனுமதிச் சீட்டு தருகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர் பின்னால் இரண்டு சீசன் வெறுங்கையோடு நடந்து பழகினேன். வகுப்பு, தேர்வு, வீட்டு விசாரணை எல்லாம் முடிந்து போன மாதம் லைசென்ஸ் வந்துவிட்டது.

இப்போது முதல் ரைஃபிள் வாங்க வேண்டும். தோட்டா .308 என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன். எடையில்தான் குழப்பம். இரண்டரை கிலோவுக்குள் இருக்கும் மலை ரைஃபிளை வாங்கு, மேலே ஏறும்போது அதன் அருமை தெரியும் என்கிறார் நண்பர். கடைக்காரர் தடித்த பேரல் போட்ட நாலரை கிலோ ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் குறி அசையவே அசையாது என்கிறார். இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். கடைக்குள் நின்று ஐந்து நிமிடம் தூக்கினால் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறது.

என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம், எடை 58 கிலோ. தேடிப் போவது சிவப்பு மான், முடிந்தால் தார் என்கிற இமயமலைக் காட்டாடு. ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம்கூட வரும். சுடும் தூரம் பெரும்பாலும் 100 முதல் 250 மீட்டர். பட்டாளத்தில் இருந்தவர்களும் வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிறவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


தோவாளை ஹவில்தார் எழுதியது:

தம்பி, நான் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். வேட்டைக்குப் போனதில்லை. ரைஃபிளைச் சுமந்து மலையேறுவது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் பழகியது 7.62 எஸ்.எல்.ஆர். காலியாகவே நாலரை கிலோவை நெருங்கும். அப்புறம் இன்சாஸ் வந்தது, நாலு கிலோவுக்குச் சற்று மேல். முந்நூறு கிராம் போலத்தான் வித்தியாசம். அதைக் கையில் வாங்கிய அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஏற்றத்தில்தான் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம் ரைஃபிள் உன்னிடம் இருப்பதே தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றுவாய். ஐந்தாவது மணி நேரத்தில் வாரைக் கழுத்தில் போட்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வாய். அந்த நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். இரண்டு கையும் ரைஃபிளுக்கே போய்விட்டால் பாறையைப் பிடிக்கக் கை இருக்காது. களைத்தவனுக்குக் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்கிற கவனம் குறையும். எனக்கு முன்னால் நடந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என் குழலைத் தன் கையால் விலக்கி விட்டார். இருபது வருடம் ஆகிறது, இன்றும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் கனத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. பயிற்சியில் ஓட விட்டு, மூச்சு வாங்க வாங்கப் படுத்துச் சுடச் சொல்வார்கள். நெஞ்சு அடிப்பது தோளில் பதியும் கட்டை வழியாகக் குழலுக்குப் போகும். அப்போது எஸ்.எல்.ஆரின் கனம் அந்த ஆட்டத்தை அமுக்கிப் பிடித்ததை நானே உணர்ந்திருக்கிறேன். பஞ்சு போல ரைஃபிள் இருந்தால் மூச்சுக்கு மூச்சு எழும்பித் தாழும்.

என் கணக்குக்கு, எல்லாம் சேர்த்து மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில். ஸ்கோப், வார், உள்ளே போடும் தோட்டா எல்லாம் இதில் அடக்கம். கடைப் பட்டியலில் போடுவது வெறும் ரைஃபிளின் எடை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பிளாஸ்டிக் பைப் இரண்டில் மணலை நிரப்பி, ஒன்றை மூன்றரை கிலோவும் இன்னொன்றை நாலரை கிலோவும் ஆக்கு. வார் கட்டி, முதுகுப் பையையும் மாட்டிக்கொண்டு ஒரு முழுநாள் ஏறி இறங்கு. ஊரில் இருந்தால் மருந்துவாழ்மலையைக் காட்டியிருப்பேன்.


இரணியல் தம்பி எழுதியது:

அண்ணே, இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் விளையில் கொக்கும் காட்டுப்புறாவும் நிறைய வரும். லைசென்ஸ் வேண்டாத ஏர்கன்னில் கனம் குறைந்தது எது?


நெறியாளர் எழுதியது:

தம்பி, ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பறவையைச் சுடலாம் என்று ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நம் நாட்டில் வேட்டை கிடையாது, இந்த இழை அதை அனுமதிக்கும் நாடுகளைப் பற்றியது. உங்களுக்குக் குறி பழக ஆசை இருந்தால் அட்டையில் பழகுங்கள், அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வந்து பதில் சொல்கிறேன்.


தக்கலை வாத்தியார் எழுதியது:

நான் துப்பாக்கி தொட்டதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் உந்த அழிவின்மை நடத்தும்போது வருடா வருடம் துப்பாக்கியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

.308இல் வழக்கமான 150 கிரெய்ன் குண்டு 9.7 கிராம். வினாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் போகிறது. கூடவே மூன்று கிராம் மருந்து எரிந்து, அதைவிட வேகமான வாயுவாக வெளியேறுகிறது. இரண்டையும் சேர்த்தால் உந்தம் ஏறத்தாழ 12 வருகிறது. அதே உந்தம் பின்பக்கமாக ரைஃபிளுக்குக் கிடைக்கும். ரைஃபிள் லேசாக இருந்தாலும் கனமாக இருந்தாலும் உந்தம் அதேதான். தோளுக்கு வரும் ஆற்றல் மட்டும் எடைக்கு எதிர் விகிதத்தில் மாறும்.

நாலரை கிலோ ரைஃபிளில் உதை சுமார் 16 ஜூல். மூன்றரை கிலோவில் 20. இரண்டரை கிலோவில் 28.

இதை நன்றாகப் பாருங்கள். மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு இறங்கினால் ஒரு கிலோ மிச்சம், ஆனால் அடி நாற்பது சதம் கூடிவிடுகிறது. மூன்றரையிலிருந்து நாலரைக்கு ஏறினால் ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்தும் நாலரை ஜூல் போலத்தான் குறைகிறது. இரண்டு பக்கமும் ஒரே ஒரு கிலோதான், பலன் ஒன்றுபோல் இல்லை. ஹவில்தார் அண்ணாச்சி அனுபவத்தில் சொன்ன இடத்துக்கே கணக்கும் வந்து சேர்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

தோட்டாவை மாற்றினாலும் எடை மாறும். 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் குண்டுக்கு அதே கணக்கைப் போட்டால் மூன்று கிலோ ரைஃபிளிலேயே 19 ஜூல்தான் வருகிறது. .308 மூன்றரை கிலோவில் கொடுப்பதைவிட அது சற்றுக் குறைவு. அதாவது அரை கிலோவைத் தோட்டாவிலேயே மிச்சம் பிடிக்கலாம். எதிர்ப்பக்கம் .300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெய்ன்: மூன்றரை கிலோவில் 37 ஜூலுக்கு மேல். அதை லேசான ரைஃபிளில் போடுவது 58 கிலோ ஆளுக்குத் தேவையே இல்லை.

இன்னும் ஒன்று. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் பின்னால் நகரத் தொடங்கிவிடும். லேசானது அந்தக் கணத்தில் அதிகம் நகரும். ஆகவே பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும். லேசான ரைஃபிளை வைத்துக்கொண்டு நன்றாகச் சுடுவது கஷ்டம் என்பதற்கு இது ஒரு காரணம்.


குலசேகரம் காடு எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், மனம் ஒப்பவில்லை. தார் என்று நீங்கள் சொல்வது நம் வரையாட்டுக்கு உறவுக்காரன். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அது வாழும் மலைத்தொடரின் தென்கோடி நம் அசம்பு மலை. 2022இல் அதைக் காக்க அரசு தனித் திட்டமே அறிவித்தது. ஒரு காலத்தில் துப்பாக்கியோடு மலையேறியவர்கள் அதை எந்த அளவுக்குக் குறைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் யாரும் அதன் உறவுக்காரனைச் சுட எத்தனை கிலோ ரைஃபிள் என்று நிம்மதியாகப் பேச முடியாது. இதைச் சொல்லாமல் போக எனக்கு முடியவில்லை.


டிமாரு மக்கா எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஊரில் ஒரு காட்டு முயலைக்கூட யாரும் தொடக் கூடாது என்பதுதான் என் நிலையும். இந்த நாட்டின் கதை வேறு. நியூசிலாந்துக்கென்று இயற்கையாக இருந்த நிலப் பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், தார் எல்லாம் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டவை. தாரை 1904இல் குக் மலைப் பக்கம் விட்டார்கள். தின்று அழிக்க வேறு மிருகமே இல்லாத மலை. மேல்மட்டப் புல்வெளியை மொட்டையாக மேய்ந்துவிடுகிறது. 1993இல் போட்ட கட்டுப்பாட்டுத் திட்டப்படி பத்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது. கூடினால் துறையே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. நாங்கள் சுடும் இறைச்சி வீட்டுக்கு வருகிறது. தேங்காய் வறுத்தரைத்து வைத்தால் பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பமும் பாத்திரத்தோடு வரும்.


குலசேகரம் காடு எழுதியது:

சரி மக்கா. அந்த மண்ணின் நியாயம் வேறுதான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். ஒரே குண்டில் முடிய வேண்டும், காயத்தோடு ஓட விடாதே. லேசு, கனம் என்று இங்கே பேசுவதெல்லாம் அதற்காக என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.


குளச்சல் கால்கரி எழுதியது:

குலசேகரம் அண்ணன் கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பதினோரு வருடமாகக் கனடாவில், ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கியது இரண்டே கால் கிலோ ரைஃபிள். தோட்டா, வாத்தியார் வேண்டாம் என்று சொன்ன அதே .300 மேக்னம். ஸ்கோப் மாட்டியும் மூன்று கிலோவைத் தொடவில்லை. விரல் நுனியில் தூக்கலாம். கையில் எடுக்கிறவர் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள், எனக்கும் அதில் பெருமை.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் மேசையில் வைத்து முதல் மூன்று குண்டு நன்றாக விழுந்தது. ஆறாவது குண்டுக்குள் தோள் சிவந்துவிட்டது. குறி நூறு மீட்டரில் ஒரு சாண் விரிந்தது. பேரல் மெல்லியது, சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மெல்லிய பேரல் சூடானால் விலகும் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய காரணம் அது மட்டும் இல்லை.

நவம்பர் மாதம். ஒரு சரிவில் ஏறி முடித்ததும் எதிர்ச் சரிவில் 180 மீட்டரில் மியூல் மான் ஒன்று நின்றது. எனக்கு மூச்சு இரைத்தது. பையின் மேல் ரைஃபிளை வைத்தேன். அது நெஞ்சுத் துடிப்புக்குக் குதித்தது, ஸ்கோப்புக்குள் மான் மேலும் கீழும் போனது. போகப் போக அடங்கும் என்று காத்திருக்காமல் இழுத்துவிட்டேன். குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. பனியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது, நடுவில் புல் கலந்த பச்சை நீர். அதைப் பார்த்ததும் எங்கே பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாலு மணி நேரம் பின்னாலேயே போய், ஒரு வில்லோ புதருக்குள் படுத்திருந்ததைப் பார்த்து முடித்தேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு பழைய வேட்டைக்காரர் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு முறையும் அவரே தோட்டாவைப் போட்டு என் கையில் கொடுத்தார். சில முறை என்னிடம் சொல்லாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. விசையை இழுக்கிறேன், வெடிக்கவில்லை, ஆனால் குழல்வாய் ஒரு அங்குலம் கீழே குத்துகிறது, கண் மூடிக்கொள்கிறது. வெடிக்காத துப்பாக்கிக்கே என் உடம்பு பதறியிருக்கிறது. மேசையில் சுட்ட அந்தப் பத்துக் குண்டிலேயே அது எனக்குள் வந்துவிட்டது. அதைப் போக்க .22 ரைஃபிளில் நாலு மாதம் ஆனது.

இப்போது வைத்திருப்பது டிக்கா டி3எக்ஸ் லைட். பட்டியலில் 2.9 கிலோ, தோட்டா 7எம்எம்-08. எல்லாம் மாட்டினால் 3.6. அதே மலைகளில்தான் ஏறுகிறேன். கூடுதலாகச் சுமக்கிற கனம் முதுகில் தெரியவே இல்லை, பையில் இருந்த இரண்டாவது ஜாக்கெட்டையும் பெரிய பிளாஸ்கையும் வீட்டில் வைத்துவிட்டேன். எடை குறைக்க வேண்டுமானால் முதலில் பையைத் திற. ரைஃபிளில் கை வைப்பது கடைசி.


நாகர்கோவில் பத்து மீட்டர் எழுதியது:

கால்கரி அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. எத்தனையோ பேர் இதை வெளியே சொல்லாமல் பேரலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நான் ஏர் ரைஃபிள் சுடுகிறவள். தொடங்கியது கல்லூரி என்.சி.சி.யில். அங்கே படித்தவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: .22 டீலக்ஸ் ரைஃபிள் 6 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது 2.78 கிலோ. பழைய நம்பர் 2 மார்க் 4 ரைஃபிள் 8 பவுண்டு பத்தரை அவுன்ஸ், 3.9 கிலோ. பெண் பிள்ளைகளுக்கு லேசானதைக் கொடுங்கள் என்பார்கள். நான் இரண்டிலும் படுத்துச் சுட்டேன். எனக்குக் குரூப்பிங், அதாவது குண்டுகள் விழும் வட்டம், சுருங்கியது கனமானதில்தான். .22க்கு உதையே கிடையாது, ஆகவே அது கனம் கொடுத்த நிதானம் மட்டுமே.

அதற்காக எங்கள் விளையாட்டைப் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உச்ச எடை ஐந்தரை கிலோ. பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. இடுப்பை முன்னால் தள்ளி, எலும்பின் மேல் ரைஃபிளை உட்கார வைத்து நிற்கிறோம். ஒரு அடிகூட நடப்பதில்லை. மலையேறுகிற உங்களுக்கு அந்த நிலை கிடைக்காது.

எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கனம் எங்கே இருக்கிறது என்கிற விஷயம். ஒரே மூன்றரை கிலோ ரைஃபிள் இரண்டு. ஒன்றில் கனம் இரண்டு கைக்கும் நடுவில், சற்று முன் தள்ளி. இன்னொன்றில் கட்டைப் பக்கம். முதலாவது குறியில் போய் நிற்கும், இரண்டாவது அலையும். கடையில் ரைஃபிளை ஒரு விரலின் மேல் வைத்து எங்கே சமன் ஆகிறது என்று பாருங்கள். தோட்டா வைக்கும் பெட்டிக்கு ஒட்டி முன்பக்கம் வந்தால் நல்லது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு எடுங்கள், திறந்து பாருங்கள். ஸ்கோப்புக்காகக் கழுத்தை நீட்டவோ குனியவோ வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கானது இல்லை.

ஐந்தடி நாலு என்றதால் இதைச் சொல்கிறேன். கடையில் இருப்பது பெரும்பாலும் உயரமான ஆளுக்கு அளந்த கட்டை. மேலே குளிர் ஜாக்கெட் வேறு போடுவீர்கள். கட்டை நீளமானால் ரைஃபிள் முழுவதும் உடம்பை விட்டு முன்னால் தள்ளிப் போகும், கை நீளும், மூன்றரை கிலோ நாலரை போலக் கனக்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள்.

விசையையும் பாருங்கள். இரண்டரை கிலோ ரைஃபிளுக்கு இரண்டு கிலோ இழுக்க வேண்டிய விசை இருந்தால், இழுக்கிற விரலே ரைஃபிளை நகர்த்திவிடும்.


கீரிப்பாறை ரப்பர் எழுதியது:

மக்களே, எனக்கு 71 வயது. பேரன் எழுத உதவுகிறான். அப்பாவிடம் லைசென்சோடு ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது, குழல் அளவு பன்னிரண்டு போர். மரச்சீனி விளைக்குக் காட்டுப்பன்னி வராமல் காவல் இருக்க வைத்திருந்தார். இப்போது பன்னி வந்தால் வனத்துறைக்குச் சொல்வோம். 2025 உத்தரவுப்படியும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்னியைச் சுட வனத்துறை ஆட்களுக்குத்தான் அதிகாரம். அப்பா காலமானதும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம்.

அது மூன்றே கால் கிலோ போல இருக்கும். அப்பா அதைத் தூக்குவதைப் பார்த்தால் கனமே இல்லாதது போலத் தோன்றும். நான் தூக்கினால் வாய்ப்பக்கம் தாழும். ஒருநாள் என் இடது கையைப் பிடித்து நாலு விரற்கடை முன்னால் நகர்த்தி வைத்தார். உடனே துப்பாக்கி லேசாகிவிட்டது. அந்தப் பிள்ளை சமன் என்று எழுதியது அதுதான்.

எனக்குத் தெரிந்த இரும்பு வெட்டுக்கத்தி. கனமான கத்தி தன் பாரத்திலேயே இறங்கும், ஆனால் அரை நாளில் மணிக்கட்டு போய்விடும். லேசான கத்திக்கு இரண்டு மடங்கு ஓங்க வேண்டும், ஓங்க ஓங்க வெட்டு தப்பும். கொல்லனிடம் போனால் முதலில் நம் கையைப் பிடித்துப் பார்ப்பான், அப்புறம்தான் இரும்பை எடுப்பான். அந்தக் கடைக்காரர் உன் கையைப் பார்த்தாரா?


டிமாரு மக்கா எழுதியது:

பார்க்கவில்லை தாத்தா.

கால்கரி அண்ணே, ஒரு சந்தேகம். இங்கே குழல்வாயில் சப்ரசர் மாட்டுவது சட்டப்படி சரி, பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். உதையும் சத்தமும் குறையும் என்கிறார்கள். அப்படியென்றால் லேசான ரைஃபிள் வாங்கி அதை மாட்டிவிட்டால் போதாதா?


குளச்சல் கால்கரி எழுதியது:

எங்களுக்கு இங்கே அது தடை, அதனால் மாட்டிப் பார்த்ததில்லை. ஆனால் எடைக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். சப்ரசர் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். அது உட்காருவது பேரலின் கடைசி நுனியில். நானூறு கிராம் அங்கே தொங்கினால் தங்கச்சி சொன்ன சமன் முன்னால் ஓடிவிடும். மாட்டப் போவதாக இருந்தால் பேரல் 24 அங்குலம் வேண்டாம், 20 போதும். 250 மீட்டருக்குள் அந்த வேகக் குறைவு உனக்கு ஒரு பொருட்டில்லை.

ஸ்கோப்பும் அப்படித்தான். பெரிய வாய் வைத்த ஸ்கோப் அரை கிலோவுக்கு மேல் போகும், அதுவும் ரைஃபிளின் மேல்தட்டில் உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்க்கும். உன் தூரத்துக்கு 350, 400 கிராம் ஸ்கோப் தாராளம். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்டுக்கு நூறு, வாருக்கு நூறு, ஐந்து தோட்டாவுக்கு நூற்றிருபது. எழுதிக் கூட்டிப் பார்.


டிமாரு மக்கா எழுதியது:

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். நைட் டியூட்டி.

ஹவில்தார் அண்ணாச்சி சொன்ன மணல் பைப்பைச் செய்தேன். ஊருக்கு வரும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் மாட்டி, ஸ்பூன் ஸ்பூனாக மணல் போட்டுச் சரி செய்தேன். முதல் ஞாயிறு நாலரை கிலோ. காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினேன், பத்து மணி வரை ஒன்றும் இல்லை. பிற்பகல் இறங்கும்போது சரளைக் கல் சரிவில் கால் வழுக்கியது. பைப்பைப் பிடித்திருந்த கையால் தரையை ஊன்ற முடியவில்லை, முழங்கை கல்லில் அடித்தது. அண்ணாச்சி எழுதியது அப்படியே நடந்தது. அடுத்த ஞாயிறு மூன்றரை கிலோ. அதே பாதை, அதே பை. தோள் மாற்றினேன், ஆனால் கையில் ஏந்தும் நிலை வரவில்லை. மூன்றாவது முறை இன்னும் நானூறு கிராம் போட்டேன். முடிந்தது. நாலுக்கு மேல் என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதலில் என் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை கட்டையை வைத்துப் பார்த்தார். தாத்தாவை நினைத்துக்கொண்டேன். வாத்தியார் கணக்கைப் பார்த்த பிறகு .308ஐ விட்டு 6.5 கிரீட்மோருக்கு மாறினேன். 20 அங்குலப் பேரல், கட்டையில் ஒரு தட்டைக் கழற்றி நீளம் குறைத்தார்கள். ரைஃபிள் 2.95 கிலோ. ஸ்கோப் 380 கிராம், மவுண்ட் 90, வார் 110, சப்ரசர் 330, நாலு தோட்டா 90. எல்லாம் மாட்டிக் கொக்கித் தராசில் தூக்கினால் 3.95.

ரேஞ்சில் இதுவரை அறுபது குண்டு. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் சுடுவதில்லை. நண்பரிடம் சொல்லி வெற்றுத் தோட்டாவைக் கலந்து போடச் சொன்னேன். ஐந்து முறை வெற்றுத் தோட்டா வந்தது, நாலு முறை குழல் அசையவில்லை. ஒரு முறை லேசாகக் குத்தியது, அன்று அதோடு நிறுத்திவிட்டேன். போன வாரம் பக்கத்து மேட்டில் இரண்டு முறை ஓடி ஏறி இறங்கி, பையின் மேல் வைத்து 200 மீட்டரில் ஐந்து குண்டு. நாலு குண்டு குறித்தட்டுக்குள் விழுந்தது, ஒன்று விளிம்புக்கு வெளியே. அந்த ஐந்தும் உள்ளே விழும் வரை 150 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிவப்பு மான் கத்தும் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும். அதற்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு. ஏறும்போது சப்ரசர் நுனி குட்டைப் புதர்களில் சிக்குகிறது.


தோவாளை ஹவில்தார் எழுதியது:

ஏறும்போது சப்ரசரைக் கழற்றிப் பையில் வை, திருகு மரைக்கு மூடி போடு. வாரை ஒரு துளை இறக்கிக் கட்டு, குழல்வாய் உன் தலைக்கு மேல் நிற்கக் கூடாது. மேலே போய் உட்கார்ந்து மூச்சு அடங்கிய பிறகு மாட்டினால் போதும். கழற்றி மாட்டினால் குண்டு விழும் இடம் மாறுகிறதா என்று ரேஞ்சில் ஒருமுறை பார்த்துவிடு தம்பி.


டிமாரு மக்கா எழுதியது:

சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன் அண்ணாச்சி.